மூன்று வருடமா, நான்கு வருடமா?

சின்னவனுக்குப் பள்ளி பார்க்க எங்களுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அவனுக்கு அப்போது எட்டு வயது. வீட்டிலிருந்து நடக்கிற தூரமா, ஓடி விளையாட இடம் இருக்கிறதா, டீச்சர் சிரித்த முகமா, அவ்வளவுதான் பார்த்தோம். பெரியவளுக்கு நான்கு மாதம் ஆனது. அவளுக்குப் பதினான்கு நிறையப்போகிற நேரம். அந்த ஆறு வயது இடைவெளிக்குள் இவ்வளவு சங்கதி இருக்கும் என்று கணவரின் மாற்றல் உத்தரவு வந்த அன்று எனக்குத் தெரியாது.

மூன்று வருட வேலை. எந்த நாடு என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. ஆங்கிலம் அல்லாத மொழியில் இயங்கும் நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். அந்த ஊரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'சிறந்த பள்ளிகள்' என்று தட்டித் தேடினேன். எக்செலில் ஒரு தாள் திறந்து பதினோரு பத்திகள் போட்டேன். கட்டணம், தூரம், தேர்வு முடிவு, வகுப்பில் எத்தனை பேர், நூலகம், நீச்சல் குளம் வரைக்கும் ஒரு பத்தி. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒழுங்காக நீந்தத் தெரியாது என்பது வேறு விஷயம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமெல்லாம் அடித்துக் கணவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

பிள்ளைகளோடு இரண்டு முறை நாடு மாறிய அவருடைய சக ஊழியர் ஒருவரிடம் யோசனை கேட்கலாமே என்று ஒரு நாள் பேசினேன். அவர் பள்ளிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு கேள்வி கேட்டார்.

"எத்தனை வருஷத்துக்குப் போறீங்க?"

"மூணு."

"பொண்ணு எந்த வகுப்பு?"

"எட்டு முடிக்கப்போறா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்போ பதினொண்ணு முடிச்சுட்டு மறுபடியும் கிளம்புவீங்களா?" என்றார்.

என் தாளில் பதினோரு பத்திகள் இருந்தன. அவர் கேட்ட கேள்விக்கு அதில் இடமே இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பதினான்கிலிருந்து பதினெட்டு வரையிலான நான்கு வருடத்தை உலகத்தில் பல பாடத்திட்டங்கள் இரண்டு இரண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. இங்கிலாந்து முறையில் முதல் இரண்டு வருடம் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்கு, அடுத்த இரண்டு வருடம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வுக்கு. ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்டில் டிப்ளமோ என்பது கடைசி இரண்டு வருடம் சேர்ந்த ஒரே படிப்பு. சிபிஎஸ்இயிலும் பத்தாவதுக்கு ஒரு வாரியத் தேர்வு, பன்னிரண்டாவதுக்கு ஒன்று. இந்த வெட்டுகளில் எதை எடுத்துக்கொண்டாலும், ஒன்பதில் நுழைந்து மூன்று வருடத்தில் கிளம்புகிற பிள்ளை இரண்டாவது துண்டின் நட்ட நடுவில் கிளம்புகிறது. கையில் பாதிப் படிப்பு. அந்தப் பாதியை வேறு பாடத்திட்டத்தில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஐபி படிப்பைத் தரும் இன்னொரு பள்ளிக்குப் போனாலும், நம் பிள்ளை எடுத்த ஆறு பாடமும் அதே நிலையில் அங்கே இருக்க வேண்டும். இல்லாமல் போவதுதான் வழக்கம்.

ஆக, எந்தப் பள்ளி என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது மூன்று வருடமா நான்கு வருடமா என்பது. அதைப் பள்ளியிடம் கேட்க முடியாது, வேலை கொடுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். கணவர் கேட்டார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீட்டிப்பு பெரும்பாலும் கிடைக்கும்" என்று வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. அவர் சாதாரணமாக யாரிடமும் வற்புறுத்திப் பேசாதவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எழுத்தில் வேண்டும் என்று நின்றார். மகளின் இறுதித் தேர்வு முடியும் மாதம் வரை அவரை வேறிடத்துக்கு மாற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியது. அந்த நான்கு மாதத்தில் நாங்கள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். அதுவும் பள்ளியின் வாசலைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டிருந்தால் அந்த வரி கிடைத்திருக்காது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், பதின்ம வயதில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகும் பெற்றோர் வீட்டு வாடகை, கார், விமானச் சீட்டு எல்லாவற்றையும் பேசி வாங்கிவிட்டு, தேதியை மட்டும் கொடுத்தபடி ஏற்றுக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படிப் போக இருந்தவர்கள்தான்.

அடுத்தது பாடத்திட்டம். இதில் எது உயர்ந்தது என்கிற சண்டையில் எனக்கு அக்கறை போய்விட்டது. நடுவழியில் வந்து ஏறும் பிள்ளைக்கு எதில் எந்தப் படி வரை கதவு திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்போடு. ஜெர்மன் தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளை எந்தப் பிரிவில் போய் விழும் என்பதை வைத்துத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆபிடூர் சான்றிதழுக்கு வழி நேரா, சுற்றா என்பது தெரியும். பிரான்சில் லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளி மூன்று வருடம். இரண்டாம் வருடத்தில் மூன்று சிறப்புப் பாடம் எடுத்து, கடைசி வருடத்தில் அதில் ஒன்றை விட்டுவிட வேண்டும். பிரெஞ்சு மொழித் தேர்வோ கடைசி வருடத்துக்குக் காத்திருக்காமல் இரண்டாம் வருட முடிவிலேயே வந்துவிடும். சிங்கப்பூரில் அரசுப் பள்ளியில் சேர விரும்பும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். அது உயர்நிலை மூன்றாம் வருடம் வரைக்கும்தான். அதற்கு மேல் அந்த வாசல் கிடையாது.

இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு அமெரிக்க முறை கொஞ்சம் தாராளம். ஒரே ஒரு இறுதித் தேர்வில் தலைவிதி எழுதப்படுவதில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் சேர்ந்துகொண்டே வரும். அதிலும் ஒரு சிக்கல்: ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் கல்லூரி பார்க்கும் பட்டியலில் ஏறுகிறது. புது நாடு, புது மொழி, புது வீடு என்று பிள்ளை தடுமாறுகிற அந்த வருடமே கணக்கில் வந்துவிடுகிறது.

வகுப்பின் பெயரே குழப்பும். இங்கிலாந்து முறைப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த கடிதத்தில் மகளுக்கு 'இயர் 10' என்று இருந்தது. ஒரு வகுப்பு ஏற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, சொந்தக்காரர் நான்கு பேரிடம் டபுள் புரமோஷன் என்று சொல்லிவிட்டேன். அங்கே ஐந்து வயதிலேயே முதல் 'இயர்' தொடங்கிவிடுவதால் அவர்களுடைய பத்து நமக்கு ஒன்பது. அந்த நான்கு பேருக்கும் திரும்பப் போன் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் ஒருவர் இன்றுவரை என் மகளைப் பெரிய மேதை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளூர்ப் பள்ளியா, சர்வதேசப் பள்ளியா என்பதில்தான் எங்கள் வீட்டில் அதிக வாக்குவாதம். கணவருக்கு உள்ளூர்ப் பள்ளி மேல் ஆசை. அந்த நாட்டுக்குப் போய்விட்டு, அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒருவரைக்கூடத் தெரியாமல் திரும்புவதில் என்ன இருக்கிறது என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சின்னவன் விஷயத்தில் அப்படியே செய்தோம். ஆறு மாதம் அவன் வாயைத் திறக்கவில்லை, ஏழாவது மாதம் மூடவில்லை. இன்று கடையில் நான் பேசினால் பக்கத்தில் நின்று திருத்துகிறான்.

ஆனால் மொழி விஷயத்தில் எட்டு வயதுக்கும் பதினான்குக்கும் ஒரே கணக்கு செல்லாது. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். மைதானத்தில் பேசுகிற மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு. முதலாவது சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் கூடப் படிக்கிறவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். எட்டு வயதுக்காரனிடம் அந்த ஏழு வருடம் இருக்கிறது. பதினான்கு வயதுக்காரியிடம் தேர்வுக்கு இரண்டே வருடம். நன்றாகப் பேசுகிறாளே, பிறகு ஏன் வரலாற்றில் மதிப்பெண் வரவில்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பிள்ளையைச் சோம்பேறியாக்கும் கட்டம் அங்கேதான் வருகிறது. அந்த மொழி ஏற்கெனவே ஓரளவு தெரிந்த பிள்ளையாக இருந்தாலோ, ஒரு வருடம் பின்னால் சேர்ந்து நிதானமாகப் படிக்க வீட்டில் எல்லோரும் சம்மதித்தாலோ, நானும் உள்ளூர்ப் பள்ளிக்கே கை தூக்கியிருப்பேன். ஒரு வருடம் பின்னால் போடுவது தோல்வி என்று நினைக்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது. முப்பது வயதில் யார் யாரிடம் கேட்கப்போகிறார்கள், நீ பத்தாவதை எந்த வயதில் எழுதினாய் என்று?

நடுவில் சொந்தக்காரர்கள் வேறு ஒரு வழி சொன்னார்கள். பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், பத்தாவது முடியட்டும், தாத்தா பாட்டி இருக்கிறார்கள். இதை நான் எடுத்த எடுப்பில் ஒதுக்கவில்லை. இறுதித் தேர்வுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவதைவிட அது நல்லது என்று இன்றும் சொல்வேன். எங்கள் விஷயத்தில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் நின்றோம்; கிளம்ப அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆண்டுத் தொடக்கம்தான் பொருந்தவில்லை. ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசி, ஐரோப்பாவின் பல இடங்களில் செப்டம்பர் என்று ஆளுக்கொரு மாதத்தில் பள்ளி திறக்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கும் முறையிலிருந்து செப்டம்பரில் தொடங்கும் முறைக்குப் போன நாங்கள் நடுவே ஐந்து மாதம் சும்மா இருந்தோம். அந்த மாதங்களில் அவள் படித்ததாக எனக்கு நினைவில்லை. தூங்கினாள். கொஞ்சம் உயரமானாள்.

இவ்வளவும் யோசித்த நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகவல் சொன்னோம், அவ்வளவுதான். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-ஆம் பிரிவு இருக்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. நாங்கள் அதைப் படித்துவிட்டுத் திருந்தவில்லை. அவள் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் திருந்தினோம்.

மறுநாள் காலை என் எக்செல் தாளைத் திறந்தால் பன்னிரண்டாவதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. வண்ணம் எதுவும் இல்லை. தலைப்பில் 'மதியம் யாரோடு?' என்று இருந்தது. கீழே எல்லாக் கட்டமும் காலி.

இறுதியில் இரண்டு பள்ளிகள் நின்றன. முன்பயணமாகப் போனபோது அவளையும் அழைத்துப் போனோம். முதல் பள்ளியின் வரவேற்பறைச் சுவரில் பழைய மாணவர்கள் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் கொடிகள் தொங்கின. முதல்வர் நாற்பது நிமிடம் அழகாகப் பேசினார், எங்களைப் பார்த்தே பேசினார். கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டபோது மகள், மதிய இடைவேளையில் புதிதாக வந்தவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாள். அவர் சிரித்து, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். நல்ல பதில் என்று எனக்குப் பட்டது. வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "எங்க வேணாலும்னா எங்கயும் இல்லன்னு அர்த்தம்மா."

இரண்டாவது பள்ளியில் அதே கேள்விக்கு ஆலோசகர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வகுப்பில் போன வருடம் இடையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கணினியில் பார்த்தார். ஏழு. அதில் இரண்டு பேரைப் பெயர் சொல்லி வரவழைத்து, ஒரு முழு நாள் அவர்களோடு வகுப்பில் உட்காரச் சொல்லி அனுப்பினார். நாங்கள் வெளியே ஒரு பெஞ்சில் காத்திருந்தோம். மாலையில் வந்தவள் கொடுத்த அறிக்கையில் என் பதினோரு பத்திகளில் ஒன்றுகூட இல்லை. வேதியியல் ஆசிரியருக்குக் கடைசி வரிசையில் இருப்பவன் பெயர் தெரிந்திருக்கிறது. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. ஒரு பெண் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. மதியம் யாரோடு என்பதற்கு இரண்டு பெயர் சொன்னாள்.

அந்தப் பள்ளியைத்தான் எடுத்தோம். ஆனால் அவள் சொன்னதற்காக மட்டும் எடுத்தோம் என்றால் அது அழகுக்குச் சொன்ன பொய்யாகிவிடும். அங்கே முதல் இரண்டு வருடம் கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ, பிறகு இரண்டு வருடம் ஐபி டிப்ளமோ. 1988-இல் வந்த ஐஜிசிஎஸ்இ, ஜிசிஎஸ்இயின் சர்வதேச வடிவம்; பாடம் பாடமாக எழுதும் வெளித் தேர்வு. எதிர்பாராமல் நடுவில் கிளம்ப நேர்ந்தால் பதினாறு வயதில் கையில் ஒரு சான்றிதழாவது இருக்கும். மற்ற பள்ளியில் பன்னிரண்டு வரை வெளித் தேர்வே கிடையாது. ஒரே ஊரில் நிலைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு வரம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து.

ஐபி என்ற இரண்டெழுத்துக்கு மயங்கிச் சேர்ப்பவர்கள் அது கேட்கும் உழைப்பைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும். 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியபோதே அது நாடு விட்டு நாடு போகும் குடும்பங்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவான திட்டம். ஆறு பாடம், அதில் மூன்றோ நான்கோ கூடுதல் ஆழத்தில் படிக்கும் உயர்நிலை. அதற்கு மேல் அறிவுக் கோட்பாடு என்று ஒரு பாடம், கலை, உடற்பயிற்சி, சமூகப்பணி என்று ஒரு பகுதி, பிள்ளையே தலைப்பு எடுத்து ஆராய்ந்து எழுதும் 4,000 சொல் கட்டுரை ஒன்று. பாடத்துக்கு ஏழு வீதம் 42, அறிவுக் கோட்பாட்டுக்கும் கட்டுரைக்கும் சேர்த்து 3, மொத்தம் 45 புள்ளி. ஒரு பாடத்தில் மட்டும் வெறியாக இருந்து மற்றவற்றை வெறுக்கும் பிள்ளைக்கு மூன்றே பாடம் எடுத்து ஆழமாகப் போகிற ஏ லெவல்தான் நிம்மதி. அந்த மாதிரிப் பிள்ளையை ஐபியில் போட்டு வாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி ஐபிக்கு 'விண்ணப்பித்திருக்கிறது' என்று சொன்னால் கவனமாகக் கேளுங்கள். அங்கீகாரம் கிடைக்கும் வரை அது டிப்ளமோ நடத்த முடியாது. வேதியியலும் பொருளாதாரமும் சேர்த்து எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். விளம்பர ஏட்டில் எல்லாப் பாடமும் இருக்கும், நேர அட்டவணையில் அவை ஒரே மணியில் மோதிக்கொள்ளும். கணிதத்தில் ஐபி இரண்டு தனிப் பாதை வைத்திருக்கிறது. லேசாக இருக்குமே என்று தவறான பாதையை எடுத்துவிட்டால் பொறியியலுக்குச் சில பல்கலைக்கழகங்களின் கதவு மூடிக்கொள்ளும். அது தெரியவருவது விண்ணப்பிக்கிற நேரத்தில்தான். ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருடம் நிற்கிறார்கள் என்று கேட்டால் சில பள்ளிகளில் முகம் மாறும். சர்வதேசப் பள்ளிகளில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து போகிற ஆசிரியர்கள் நிறைய.

இது ஏன் முக்கியம் என்றால், பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இறுதித் தேர்வுக்கு முன்பே, பள்ளி கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகின்றன. கணிப்பவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி வருடத்தில் வந்து சேர்ந்த பிள்ளையை மூன்று மாதத்தில் யார் என்ன கணிக்க முடியும்? அதனால்தான் கடைசி இரண்டு வருடத்தின் தொடக்கத்துக்குப் பிறகு பிள்ளையை நகர்த்தவே கூடாது என்பது என் கட்சி. பல்கலைக்கழகக் கட்டணமும் இதோடு சேர்ந்துதான். உதாரணமாக, இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் என்ற கட்டணத்துக்குப் பொதுவாகப் படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமக்களே வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து இதில் மாட்டிக்கொள்வதுண்டு.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பாடத்திட்டத்தின் நகல் எல்லாம் கையோடு இருக்கட்டும். ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்ட, 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படும் அப்போஸ்டில் முத்திரை தேவையா என்று புதுப் பள்ளியிடம் கேட்டு, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பழைய ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவர் பிள்ளையின் பெயரை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

நாங்கள் கோட்டைவிட்டதும் ஒன்று உண்டு. பள்ளியில் நம் மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் துணையோடு தாய்மொழி இலக்கியத்தைத் தானே படித்து ஐபியில் ஒரு பாடமாக எழுத வழி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். எனக்கு அது தெரியவந்தபோது அவள் பாடத் தேர்வெல்லாம் முடிந்திருந்தது. நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தமிழில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த பெண். இப்போது பாட்டிக்கு அனுப்பும் குரல் செய்தியோடு தமிழ் நிற்கிறது.

முதல் வருடம் சுலபமாக இருக்கவில்லை. மதியம் யாரோடு என்பதற்கு அவள் சொன்ன இரண்டு பெயரில் ஒரு பெண் ஜூன் மாதமே வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். எல்லோரும் வெளியூர்க்காரர்களாக இருக்கிற பள்ளியில் புதியவளாக இருப்பது எளிது, பழையவளாக இருப்பதுதான் கடினம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஜூனிலும் யாராவது போகிறார்கள். ரூத் ஹில் யூசிம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-களில் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார். பெற்றோரின் ஊரும் இல்லாமல் இருக்கிற ஊரும் இல்லாமல், நடுவே ஒன்றில் வளர்கிறவர்கள். சின்னவன் உள்ளூர்ப் பிள்ளைகளோடு வீதியில் பந்து விளையாடும்போது அவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளூர்ப் பள்ளியில் போட்டிருக்கலாமோ என்று அந்தச் சமயங்களில் எனக்குத் தோன்றும். கணவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கும் தோன்றியிருக்கும் என்பது காபியை அவர் ஆற்றுகிற வேகத்தில் தெரியும்.

இப்போது மூன்றாவது வருடம் முடிகிறது. போன மாதம் கணவருக்கு மேலிடத்திலிருந்து அழைப்பு. இன்னொரு நாட்டில் இதைவிடப் பெரிய பதவி, உடனே வர முடியுமா என்று. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது, கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு அழைப்பு அடிக்கடி வருவதும் இல்லை. நான் சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?" என்றார்.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தோம். சின்னவன் வாயில் எது நிற்கும்? அன்று இரவு அவள் அறைக்குப் போனேன். மேசை முழுக்கக் காகிதம், திரையில் அந்த 4,000 சொல் கட்டுரை. அப்பா வேண்டாம்னு சொன்னது தெரியுமா என்று கேட்டேன். திரும்பாமலே தெரியும் என்றாள். மேலே ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"இன்னும் 1,200 சொல் இருக்கு. கதவைச் சாத்திட்டுப் போம்மா."